மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளுக்கு இடம் வகுத்தல்: பௌதிகம் காட்டும் வழி

படியில் நெல் அளப்போர் நெல்லைக் கொட்டியவுடன் அளவை முடிந்ததாகக் கொள்வதில்லை. படியை ஒரு முறை குலுக்குகின்றனர். குவிந்திருந்த நெல் கீழே இறங்கி, மேலும் சிறிது நெல்லுக்கு இடம் உண்டாகின்றது. கொட்டியபோது மணிகள் ஒன்றையொன்று தாங்கி நின்று இடையிடையே வெற்றிடங்களை விட்டிருந்தன. குலுக்கலால் அத்தாங்கல் குலைந்தது. மணிகள் முன்னிலும் நெருக்கமாக அமைந்தன. குலுக்குகையில் சில மணிகள் மேலே எழும்பவும் செய்கின்றன. அங்ஙனம் சற்று மேலெழும்பியதனாலேயே பின்னர் அவை ஆழ்ந்த இடத்தை அடைய முடிகின்றது.

இவ்வெளிய நிகழ்ச்சியில் அடங்கியுள்ள உண்மையே, மின்சுற்றுப் பலகைகளைக் கணினியின் துணையால் திட்டமிடும் மென்பொருள்களில் ஒரு கணக்கு முறையாக வடிவெடுத்துள்ளது. அம்முறை யாது, அது எங்ஙனம் தோன்றியது, அதன் எல்லை எது என்பனவற்றைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் களப் பணியாளரும், மாணவருக்கு மின்னணுவியலைக் கற்பிக்கும் ஆசிரியரும் அறிந்திருத்தல் பயனுடையது.

பலகையும் அதன் சிக்கலும்

வானொலிப் பெட்டி, மின்னணுத் தராசு, நீரிறைக்கும் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய எதனைத் திறந்து நோக்கினும் உள்ளே ஒரு பலகை காணப்படும். மின்சாரத்தைக் கடத்தாத அப்பலகையின் மேல் மெல்லிய செப்புத் தடங்கள் படிந்திருக்கும். மின்தடைகள், மின்தேக்கிகள், சில்லுகள் முதலிய உறுப்புகள் அத்தடங்களோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். எந்த உறுப்பின் எந்த முனை வேறு எந்த முனையோடு இணைய வேண்டும் என்பதைச் சுற்று வரைபடம் தெரிவிக்கின்றது. ஆயின், எந்த உறுப்பு பலகையில் எவ்விடத்தில் அமைய வேண்டும் என்பதை அது தெரிவிப்பதில்லை. அதைத் திட்டமிடுபவரே முடிவு செய்தல் வேண்டும்.

இடம் பொருத்தமாக அமைந்தால் தடங்கள் குறுகும். ஒன்றையொன்று குறுக்கிடுவது குறையும். பலகை சிறுத்து விலையும் தாழும். பொருத்தமின்றி அமைந்தால் தடங்கள் நீண்டு சுற்றிச் செல்லும். நீண்ட தடம் அயலிலுள்ள மின் இரைச்சலை எளிதில் ஏற்கும்.

எல்லா அமைப்புகளையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்து மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாகாதா என்னும் ஐயம் எழலாம். 10 உறுப்புகளை 10 இடங்களில் அமைக்கும் வகைகள் 36,28,800 ஆகும். இதனைக் கணினி எளிதில் முடித்துவிடும். 20 உறுப்புகளுக்கு 20 இடங்கள் எனின், வகைகள் ஏறத்தாழ 24,300 கோடி கோடியாகப் பெருகுகின்றன. நொடிக்கு 10 இலட்சம் அமைப்புகளை ஆராயும் கணினிக்கும் இப்பணி முடியச் சுமார் 77,000 ஆண்டுகள் ஆகும். ஒரு சிறு கருவியின் பலகையில் 20-க்கும் மேற்பட்ட உறுப்புகள் இருத்தல் இயல்பு. ஆதலின், எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கும் வழி அடைபட்டுள்ளது. வேறு வழி தேவையாயிற்று. அவ்வழியைப் பௌதிகம் காட்டிற்று.

விசைகளின் சமநிலை

சுருள்வில்லை எவ்வளவு நீட்டுகின்றோமோ அவ்வளவுக்கு ஏற்ப அது திரும்ப இழுக்கும் என்பது ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி. பலகையில் இணைக்கப்பட வேண்டிய ஒவ்வோர் இரு உறுப்புகளுக்கும் இடையே கண்ணுக்குப் புலனாகாத ஒரு வில் இருப்பதாகக் கொள்க. இணைப்புகள் மிகுந்த உறுப்புகள் வலுவாக இழுத்துக்கொள்ளும். எல்லா இழுப்புகளும் ஒன்றையொன்று சரிக்கட்டும் நிலையில் உறுப்புகள் அமைதியுறும். அந்நிலையே தடங்கள் குறுகிய அமைப்புக்கு அண்மையானது.

இதனை வகுப்பறையில் கருவிச் செலவின்றிக் காட்டலாம். ஒரு மரப்பலகையின் ஓரங்களில் சில ஆணிகளை அடித்தல் வேண்டும். இவை நகராத செருகுமுனைகளைக் குறிக்கும். சில சிறு வளையங்களை ரப்பர் பட்டைகளால் ஒன்றோடொன்றும் ஆணிகளோடும் பிணைத்துவிட்டால், வளையங்கள் தாமாகவே இடம் தேடி நிற்கும். ஒரு வளையத்தைக் கையால் விலக்கி விட்டால் மீண்டும் பழைய இடத்தையே அடையும்.

இச்சோதனையிலேயே முறையின் குறையும் வெளிப்படுகின்றது. பட்டைகள் இழுக்க மட்டுமே அறிந்தவை. ஆதலின் வளையங்கள் நடுவில் குவிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். உண்மையான உறுப்புகளோ இடத்தை அடைப்பவை. ஒன்றன்மேல் ஒன்று அமைய இயலாதவை. இக்குறையைப் போக்க விலக்கு விசையும் சேர்க்கப்பட்டது. உறுப்புகளை இடப்படுத்தும் சிக்கலை விசையியல் நோக்கில் ஆராயும் கட்டுரை ஒன்றை 1975-இல் நீல் குவின் வெளியிட்டார். 1979-இல் அவரும் மெல்வின் பிரூயரும் சேர்ந்து, மின்சுற்றுப் பலகைகளுக்கெனவே இம்முறையை விரித்துரைத்தனர். இணைப்புள்ளவை ஈர்க்கும், இணைப்பற்றவை விலக்கும் என வகுத்து, ஒவ்வோர் உறுப்பின் மீதும் எஞ்சும் விசை சுழியாகும் நிலையைச் சமன்பாடுகளால் காண்பது அம்முறையின் சாரம்.

மேட்டைக் கடவாத பள்ளம்

விசை முறையால் கிடைத்த அமைப்பை மேலும் திருத்த எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு உறுப்புகளை இடம் மாற்றிப் பார்த்து, தடங்களின் மொத்த நீளம் குறைந்தால் மாற்றத்தை ஏற்றும், கூடினால் தள்ளியும் செல்வதே அது. கேட்பதற்கு இது முற்றிலும் நியாயமாகத் தோன்றும். ஆயினும் இவ்வழி பல வேளைகளில் இடையிலேயே நின்றுவிடுகின்றது. அதனைக் கரும்பலகையில் எழுதத்தக்க சிறு கணக்கால் விளக்கலாம்.

ஒரு நேர்கோட்டில் ஒவ்வொரு செ.மீ. இடைவெளியில் ஐந்து புள்ளிகள் உள்ளன எனக் கொள்க. இடக்கோடியிலும் வலக்கோடியிலும் நகராத செருகுமுனைகள் உள்ளன. இடையிலுள்ள மூன்று இடங்களில் அ, ஆ, இ என்னும் மூன்று உறுப்புகள் அமைய வேண்டும். இடக்கோடி முனையிலிருந்து அ-வுக்கு 2 தடங்கள். அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே 4 தடங்கள். இ-யிலிருந்து வலக்கோடி முனைக்கு 1 தடம்.

தொடக்கத்தில் அவை இ, அ, ஆ என்னும் வரிசையில் உள்ளன. இடமுனைக்கும் அ-வுக்கும் தொலைவு 2 செ.மீ.; தடங்கள் இரண்டாதலின் 4 செ.மீ. அ-வும் ஆ-வும் அடுத்தடுத்து நிற்பதால் 4 செ.மீ. இ-யிலிருந்து வலமுனைக்கு 3 செ.மீ. ஆக மொத்தம் 11 செ.மீ.

அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளை மட்டுமே ஒரு வேளையில் இடம் மாற்றலாம் என்பது விதி. இடப்புற இரண்டையும் மாற்றினால் வரிசை அ, இ, ஆ என்றாகி, மொத்தம் 12 ஆகின்றது. வலப்புற இரண்டையும் மாற்றினால் இ, ஆ, அ என்றாகி, 13 ஆகின்றது. இரண்டும் முன்னைவிடக் கேடானவை. நன்மையை மட்டுமே ஏற்கும் வழி இங்கு நின்றுவிடும். 11-ஐயே சிறந்ததெனக் காட்டும்.

உண்மையில் அ, ஆ, இ என்னும் வரிசையில் மொத்தம் 7 செ.மீ. மட்டுமே. அதனை அடைய 12 என்னும் மேட்டைக் கடந்தாக வேண்டும். ஒரு செ.மீ. இழப்பை ஏற்க மறுத்தமையால் 4 செ.மீ. ஆதாயம் கைநழுவுகின்றது. மூன்று உறுப்புகளிலேயே இந்நிலை எனின், நூறு உறுப்புகள் உள்ள பலகையில் இத்தகைய பள்ளங்கள் எத்துணை இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

காய்ச்சி ஆற்றும் முறை

கொல்லர் உலையில் செம்மையாகக் காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்தால் அது கடினமாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் ஆகின்றது. அதே எஃகை உலையின் சாம்பலிலேயே மெல்ல ஆறவிட்டால் உள்ளிறுக்கம் நீங்கி மென்மை பெறுகின்றது. சர்க்கரைப் பாகை மெல்ல ஆறவிட்டால் பெருங்கற்கண்டு விளைவதும், விரைவில் குளிர்வித்தால் சிறு பொடி மணிகளே கிடைப்பதும் இல்லங்களில் அறிந்த செய்தி. வெப்பம் மிகுந்திருக்கும்போது துகள்கள் தாறுமாறாக அலைகின்றன. வெப்பம் மெல்லக் குறையும்போது ஒவ்வொன்றும் பல இடங்களில் அமர்ந்தும் எழுந்தும், முடிவில் சக்தி மிகக் குறைந்த ஒழுங்கில் நிலைபெறுகின்றது. விரைந்து குளிர்ந்தால், எழுவதற்கு வாய்ப்பின்றிக் கிடைத்த இடத்திலேயே உறைந்துவிடுகின்றது.

துகள்களின் இவ்வியல்பைக் கணினியில் போலச்செய்யும் முறை 1953-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் வகுக்கப்பட்டது. நிக்கலஸ் மெட்ரோபொலிஸ், ரோசன்புளூத் தம்பதியர், டெல்லர் தம்பதியர் ஆகிய ஐவர் அதனை வெளியிட்டனர். மேனியாக் என்னும் கணினியில், ஒரு தளத்தில் அமைந்த 224 துகள்களைக் கொண்டு அவர்கள் கணக்கிட்டனர். அவர்தம் விதி எளியது. ஒரு துகளைச் சற்று நகர்த்திப் பார்த்தல் வேண்டும். சக்தி குறைந்தால் அந்நகர்வை ஏற்றல் வேண்டும். சக்தி கூடினாலும் உடனே தள்ளிவிடலாகாது. ஒரு குறிப்பிட்ட வாய்ப்பின்படி ஏற்கவும் கூடும். சக்தியின் உயர்வை வெப்பநிலையோடு ஒப்பிட்டு அவ்வாய்ப்பு கணிக்கப்படுகின்றது. உயர்வு பெரிதாயின் வாய்ப்பு குன்றும். வெப்பநிலை மிகுதியாயின் வாய்ப்பு ஓங்கும்.

இவ்விதியைப் பொருள்களின் பௌதிகத்திலிருந்து எடுத்துப் பொறியியல் சிக்கல்களுக்குப் பொருத்தியோர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி ஆகிய மூவர். அவர்தம் கட்டுரை 1983-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. துகள்களுக்கு மாற்றாகச் சில்லுகளையும், சக்திக்கு மாற்றாகத் தடங்களின் நீளத்தையும் அவர்கள் கொண்டனர். வெப்பநிலை என்பது இங்கு உண்மையான சூடன்று. கேடான மாற்றத்தை எவ்வளவு தாராளமாக ஏற்பது என்பதைக் குறிக்கும் ஓர் எண் மட்டுமே. முதலில் அவ்வெண்ணைப் பெரிதாக வைத்துப் பின்னர்ப் படிப்படியாகக் குறைத்தனர். ஒரு பீங்கான் தளத்தின்மேல் 98 சில்லுகளுக்கு இடம் வகுத்தது அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. செக்கோஸ்லோவாகியாவில் செர்னி என்பவரும் தனித்தே இம்முறையைக் கண்டு 1985-இல் வெளியிட்டார்.

நாணயமும் பகடையும்

இம்முறையை மாணவர் தம் கையாலேயே செய்து பார்க்கலாம். மூன்று சீட்டுகளில் அ, ஆ, இ என எழுதி, மேலே கூறிய இ, அ, ஆ என்னும் வரிசையில் வைத்தல் வேண்டும். ஒரு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் இடப்புற இணையையும், பூ விழுந்தால் வலப்புற இணையையும் இடம் மாற்றக் கருதுதல் வேண்டும். புதிய வரிசையின் மொத்த நீளத்தைக் கணக்கிட்டபின், அது குறைந்தால் மாற்றத்தை ஏற்க வேண்டும். கூடினால், எத்தனை செ.மீ. கூடியதோ அத்தனை முறை நாணயத்தைச் சுண்ட வேண்டும். அத்தனை முறையும் தலையே விழுந்தால் மட்டும் மாற்றத்தை ஏற்றல் வேண்டும். ஒரு முறை பூ விழுந்தாலும் பழைய வரிசையே நிற்கும்.

1 செ.மீ. கேட்டை ஏற்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, 2 செ.மீ. கேட்டுக்கு நான்கில் ஒன்று, 5 செ.மீ. கேட்டுக்கு 32-இல் ஒன்று. மெட்ரோபொலிஸ் விதி தரும் வாய்ப்பும் இவ்வாறே கேட்டின் ஒவ்வோர் அலகுக்கும் ஒரே மடங்காகக் குறைந்து செல்வது. ஆதலின் இவ்விளையாட்டு வெறும் உவமையன்று, அவ்விதியே ஆகும்.

சில நேரம் ஆடியபின், கேட்டைச் சோதிக்க நாணயத்தை விடுத்துப் பகடையைக் கொள்ளலாம். ஒவ்வொரு செ.மீ. கேட்டுக்கும் ஒரு முறை பகடையை உருட்டி, ஒவ்வொரு முறையும் 6 விழுந்தாலன்றி ஏற்கலாகாது. இதுவே வெப்பநிலையைத் தாழ்த்துதல். இப்பொழுது 1 செ.மீ. கேட்டுக்கு ஆறில் ஒரு வாய்ப்பும், 5 செ.மீ. கேட்டுக்கு 7,776-இல் ஒரு வாய்ப்புமே உண்டு.

நாணயத்தோடு நெடுநேரம் ஆடினால், சீட்டுகள் 7 செ.மீ. வரிசையில் நிற்பது நூற்றுக்குச் சுமார் 73 பங்கு நேரம். பகடையோடு நெடுநேரம் ஆடினால் அது சுமார் 97 பங்காக உயரும். அவ்வாறாயின் முதலிலிருந்தே பகடையைக் கொள்ளலாகாதா எனின், 11 என்னும் பள்ளத்திலிருந்து வெளியேற மிகுந்த காலம் பிடிக்கும். தொடக்கத்தில் தாராளமும் முடிவில் கண்டிப்பும் வேண்டும் என்பதே மாணவர் இதில் உணர வேண்டிய பாடம்.

இன்றைய மென்பொருள்கள்

1985-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் செச்சனும் சாஞ்சோவன்னி-வின்சென்டெல்லியும் உருவாக்கிய டிம்பர்வுல்ஃப் என்னும் மென்பொருள், சில்லுகளின் உள்ளமைப்பை வகுக்க இம்முறையைக் கையாண்டது. ஒரு சில்லினுள் இலட்சக்கணக்கான சிற்றுறுப்புகள் பெருகியபோது, மெல்ல ஆற்றும் முறைக்குக் காலம் மிகுதியாகத் தேவைப்பட்டது. ஆதலின் விசைகளைக் கொண்டு கணிக்கும் முறைகள் புதிய வடிவில் மீண்டும் தலையெடுத்தன. அக்கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உருவாகி 2014-இல் வெளியிடப்பட்ட இ-பிளேஸ் என்னும் முறை ஒவ்வோர் உறுப்பையும் ஒரு மின்னூட்டமாகக் கருதுகின்றது. உறுப்பின் பரப்பு பெரிதாயின் மின்னூட்டமும் பெரிது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால், நெரிசலான இடத்திலிருந்து உறுப்புகள் தாமே விலகிப் பரவுகின்றன. ரப்பர் பட்டைச் சோதனையில் வளையங்கள் குவிந்த குறைக்கு இது ஒரு தீர்வு.

மின்சுற்றுப் பலகைகளைப் பொறுத்தவரையில், உறுப்புகளைப் பெரும்பாலும் மனிதரே இடப்படுத்துகின்றனர். மென்பொருள் துணை நிற்கின்றது. 1992-இல் பிரான்சில் தொடங்கப்பெற்ற கைகேட் என்னும் கட்டணமில்லா மென்பொருள், உறுப்பை நகர்த்துந்தோறும் அதன் இணைப்புகளை நூல் போன்ற மெல்லிய கோடுகளாகக் காட்டுகின்றது. அந்நூல்கள் எவ்வளவு குறுகிச் சிக்கலற்று நிற்கின்றனவோ அவ்வளவு நல்லது. 2013 முதல் ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிறுவனமான செர்ன் இதன் வளர்ச்சிக்கு உதவியுள்ளது. ஒரு தடத்தை நகர்த்தினால், குறித்த இடைவெளி குன்றாமல் அயல் தடங்கள் ஒதுங்கி வழிவிடும் வசதி அவ்வுதவியால் விளைந்தது. நம் நாட்டில், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாஸி திட்டம் உருவாக்கிய இ-சிம் என்னும் கட்டணமில்லா மென்பொருளும் கைகேட்டைத் தன்னுள் பயன்படுத்துகின்றது. ஆதலின் இவற்றைப் பயில்வதற்குப் பள்ளியோ தொழிற்பயிற்சி நிலையமோ மென்பொருளுக்கெனப் பணம் செலவிட வேண்டுவதில்லை.

கணக்கில் சேராதது

இம்முறைகள் யாவும் ஓர் எண்ணைக் குறைப்பவை. எந்த எண்ணைக் குறைக்க வேண்டும் என்பதை மனிதரே சொல்லுதல் வேண்டும். தட நீளத்தை மட்டும் சொன்னால், கணினி தட நீளத்தை மட்டுமே காணும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் உறுப்பும் அதற்குத் துணையான மின்பகுளித் தேக்கியும் ஒரே தடத்தில் இணைவன. நீளம் ஒன்றையே நோக்கினால் இரண்டும் ஒட்டி நிற்பதே சிறந்தது. ஆயின் முன்னது சூடேறுவது. பின்னது சூட்டால் கெடுவது. மின்பகுளித் தேக்கியின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கொள்ளும் பொது விதி. 20 பாகை உயர்ந்தால், 8 ஆண்டுகள் உழைக்க வேண்டியது 2 ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். மருந்தகத்தின் குளிர்பெட்டியிலோ நீரேற்று நிலையத்திலோ அக்கருவி அமைந்திருப்பின், தடத்தில் மிச்சமான சில மில்லிமீட்டருக்குப் பொதுமக்கள் பெருவிலை தர நேரும்.

இதற்குத் தீர்வும் அம்முறையிலேயே உண்டு. சூடேறும் உறுப்புக்கும் சூட்டால் கெடும் உறுப்புக்கும் இடையே ஒரு விலக்கு விசையைச் சேர்க்கலாம். அல்லது அவை நெருங்குந்தோறும் மொத்தத்தில் ஒரு தண்ட எண்ணைக் கூட்டலாம். வீட்டு மின்சாரம் பாயும் தடத்துக்கும் மனிதர் தொடக்கூடிய பகுதிக்கும் இடையே உள்ள தொலைவு பாதுகாப்பைப் பற்றியது. அதனைத் தண்ட எண்ணாக அன்றி, ஒருபோதும் மீறலாகாத கட்டளையாகவே விதித்தல் வேண்டும். இவ்வாறு சொல்லப்பட்டதைக் கணினி மறப்பதில்லை. சொல்லப்படாததை அது அறிவதுமில்லை.

எவற்றைச் சொல்ல வேண்டும் என்னும் அறிவு பெரும்பாலும் களத்திலேயே விளைகின்றது. பழுதுற்ற கருவிகளைத் திறந்து, எந்தத் தேக்கி உப்பியுள்ளது, அதன் அருகில் என்ன இருந்தது, எந்தத் தடம் கருகியது, எந்தச் செருகுமுனையில் ஈரம் புகுந்தது என்று பார்ப்பவர் களப் பணியாளர். உப்பிய தேக்கிக்கும் அருகிலுள்ள சூடான உறுப்புக்கும் இடையே உள்ள தொலைவை மில்லிமீட்டரில் அளந்து பழுதுக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த பலகையைத் திட்டமிடுபவர் தம் கணக்கில் சேர்க்க வேண்டிய ஓர் உறுதியான எண் அதிலிருந்து கிடைக்கும். ஆசிரியர் அத்தகைய பழைய பலகைகளையே வகுப்புக்குக் கொணர்ந்து, எந்த உறுப்பை எங்கு நகர்த்தியிருக்க வேண்டும் என்று மாணவரைக் கேட்கலாம். சீட்டும் நாணயமும் கொண்டு முறையைக் கற்ற மாணவர், அந்த முறையினிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை இங்ஙனமே கற்பர்.